பாதியாகக் கிழிந்த புகைப்படமும் ஒரு கோடை முகாமும்

கோடை முகாமில் நடக்கும் குடும்பச் சிரிப்புப் படங்களுக்கென்று பழகிய பாதை ஒன்று உண்டு. பேருந்து நிறையப் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். ஏரி இருக்கும், மரக்குடில்கள் இருக்கும், விடிந்தும் விடியாமலும் ஊதுகொம்பு ஊதி எழுப்புவார்கள். கழுத்தில் விசில் தொங்க ஒரு நிர்வாகி விதிமுறைகளைப் படிப்பார். அடுத்த குடிலோடு சண்டை நடக்கும், இல்லையென்றால் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பணக்கார முகாமோடு போட்டி நடக்கும். யாராவது ஒருவர் கண்டிப்பாகச் சேற்றில் விழுவார். கடைசி நாளில் பெற்றோர் வந்து கூப்பிடும்போது, வந்த அன்று வீட்டுக்குப் போகணும் என்று அழுத பிள்ளைதான் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

இந்தப் பாதையில் வந்த படங்களை நான் விரும்பிப் பார்ப்பவள். 1979இல் இவான் ரைட்மன் இயக்கத்தில் பில் மர்ரே நடித்த 'மீட்பால்ஸ்', உடல் எடை குறைக்கும் முகாமில் பிள்ளைகள் கலகம் செய்யும் 1995இன் 'ஹெவிவெயிட்ஸ்', 2007இல் வந்த 'டாடி டே கேம்ப்' என்று வரிசை நீளம். ஆனால் மனசு சரியில்லாத நாளில் நான் தேடிப்போய்ப் போட்டுப் பார்ப்பது ஒன்றைத்தான்: 1998இல் டிஸ்னி வெளியிட்ட 'தி பேரன்ட் டிராப்'. நான்சி மேயர்ஸ் இயக்கிய முதல் படம் அது. லிண்ட்சே லோஹனுக்கும் அதுதான் முதல் படம், அப்போது அவருக்கு வயது பதினொன்று.

பலரும் இதை இரட்டையர் படம் என்பார்கள், அல்லது பிரிந்துபோன அப்பா அம்மாவைப் பிள்ளைகள் சேர்த்துவைக்கும் படம் என்பார்கள். எனக்கு இது எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு முகாம் படம். அந்த முகாம் இல்லையென்றால் இந்தக் கதையில் ஒன்றுமே நடந்திருக்காது. படத்தின் மிக நல்ல பகுதியும் அந்த முகாமில்தான் இருக்கிறது.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹாலி பார்க்கர் கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் அப்பாவிடம் வளர்கிறாள். ஆனி ஜேம்ஸ் லண்டனில் மணப்பெண் உடை வடிவமைக்கும் அம்மாவிடம் வளர்கிறாள். இருவரும் ஒரே வயிற்றில் ஒன்றாகப் பிறந்தவர்கள். அது அவர்களுக்குத் தெரியாது. பெற்றோர் பிரிந்தபோது ஆளுக்கொரு பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், இன்னொரு பிள்ளை இருப்பதைச் சொல்லவே இல்லை. மெய்ன் மாநிலத்தில் உள்ள ஒரு பெண்பிள்ளைகள் முகாமுக்கு ஒரே கோடையில் இருவரும் வந்து சேர்கிறார்கள். பார்த்த நாளிலிருந்து சண்டை. அப்புறம் உண்மை தெரிகிறது. முகாம் முடியும் நாளில் ஆள் மாறி, அவள் வீட்டுக்கு இவளும் இவள் வீட்டுக்கு அவளும் போகிறார்கள்.

அமெரிக்கக் கோடை முகாமின் வயது நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல். 1861இல் கனெக்டிகட்டில் பள்ளி நடத்திவந்த ஃபிரெடரிக் கன் என்பவர் தன் மாணவர்களை நடத்தியே கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் கூடாரமடித்துத் தங்கவைத்தார். அந்த நாட்டின் முதல் கோடை முகாம் என்று பொதுவாக அதைத்தான் சொல்கிறார்கள். 1885இல் தொடங்கிய கேம்ப் டட்லி இன்றும் நடக்கிறது. நகரத்து வெக்கையிலிருந்து பிள்ளைகளைக் கொஞ்ச நாள் விலக்கிவைக்க வேண்டும், காடும் தண்ணீரும் பழக வேண்டும், தன் வேலையைத் தானே செய்யக் கற்க வேண்டும் என்று பல எண்ணங்கள் சேர்ந்து இந்த வழக்கம் வளர்ந்தது. கோடை விடுமுறை அங்கே நீளமானது. அதனால் சில முகாம்கள் வாரக்கணக்கில் நடக்கும்.

சினிமாக்காரர்களுக்கு இதில் கிடைத்த பெரிய வசதி, பெற்றோர் பக்கத்தில் இல்லை என்பதுதான். பிள்ளைகளை வைத்துக் கதை சொல்ல வேண்டுமானால் பெரியவர்களை எப்படியாவது அப்புறப்படுத்தியாக வேண்டும். கூடவே இருந்தால் எல்லாப் பிரச்சினையையும் அவர்களே தீர்த்துவிடுவார்கள். அதனால்தான் பழைய கதைகளில் அத்தனை அநாதைப் பிள்ளைகள், அத்தனை தொலைந்துபோன பிள்ளைகள். முகாம் கதைக்கு அந்தத் துக்கமெல்லாம் வேண்டாம். அப்பா அம்மா நன்றாக இருக்கிறார்கள், பாசமாகவும் இருக்கிறார்கள், ஆனால் கடிதம் போட்டால்தான் எட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். 1963இல் ஆலன் ஷெர்மன் பாடிப் புகழ்பெற்ற சிரிப்புப் பாட்டு ஒன்று முழுக்கவே முகாமிலிருந்து ஒரு பையன் வீட்டுக்கு எழுதும் கடிதம். மழை, நோய், காணாமல் போன பையன் என்று பயங்கரங்களை அடுக்கி, என்னைக் கூட்டிப்போங்கள் என்று கெஞ்சுவான். எழுதிக்கொண்டிருக்கும்போதே மழை விட்டுவிடும், மற்ற பிள்ளைகள் நீந்துவதும் விளையாடுவதும் கண்ணில் படும், இந்தக் கடிதத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று முடித்துவிடுவான். கடிதம் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை தானாகவே சரியாகிவிடுகிறது. முகாம் படங்களின் ஆதாரமே அந்த இடைவெளிதான்.

சரி, படத்துக்கு வருகிறேன். ஹாலியும் ஆனியும் முதல்முறை மோதிக்கொள்வது வாள்வீச்சுப் போட்டியில். இருவர் முகத்திலும் கம்பி வலை முகமூடி. யாரோடு சண்டை போடுகிறோம் என்று இருவருக்கும் தெரியாது. படிக்கட்டில் ஏறி, தாழ்வாரத்தில் ஓடி, கடைசியில் இருவரும் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து எழுந்து முகமூடியைக் கழற்றும்போதுதான் சுற்றி நிற்பவர்கள் வாயடைத்துப் போகிறார்கள். வேறொரு படமாக இருந்தால் இங்கேயே இசை உருகி, இருவரும் கட்டிக்கொண்டிருப்பார்கள். இங்கே அந்தப் பெண்கள் இருவருக்கும் ஒருவரையொருவர் பார்க்கவே பிடிக்கவில்லை. கண் சரியில்லை, காது பெரிசு, பல் கோணல் என்று தன் முகத்தையே எதிரில் வைத்துக்கொண்டு குறை சொல்கிறார்கள். இந்தக் காட்சியில் இருக்கும் நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பதினொரு வயதில், உலகத்தில் தன்னைப் போல் தான் ஒருத்திதான் என்று நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குத் தன் மறுபிரதியைப் பார்த்தால் ஆசை பொங்காது, ஆத்திரம்தான் வரும்.

அதிலிருந்து போர் தொடங்குகிறது. சீட்டாட்டத்தில் ஹாலி ஜெயிக்கிறாள். பந்தயப்படி தோற்ற ஆனி இரவில் உடையில்லாமல் ஏரியில் குதிக்க வேண்டும். குதித்துவிட்டு மேலே வந்தால் உடைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். பதிலுக்கு ஹாலியும் தோழிகளும் வெளியே போய்விட்டுத் திரும்பி வரும்போது, அவர்கள் குடிலில் இருந்த கட்டில்கள் எல்லாம் கூரைமேல் இருக்கின்றன. அதற்குப் பதிலாக ஆனியின் குடிலில் ராத்திரியோடு ராத்திரியாகக் கயிறு கட்டி, பாகு ஊற்றி, வாளி தொங்கவிட்டு ஒரு பொறி தயாராகிறது. காலையில் சோதனைக்கு வரும் முகாம் நிர்வாகி அதில் மாட்டுகிறார்.

இந்தப் பகுதியை நான் வெறும் குறும்பு என்று தள்ளமாட்டேன். இங்கே நடக்கும் ஒவ்வொரு காரியத்துக்கும் திட்டம் வேண்டும், ஆள் சேர்க்க வேண்டும், ரகசியம் காக்க வேண்டும், எதிரி அடுத்து என்ன செய்வாள் என்று யோசிக்க வேண்டும். பிள்ளைகளால் என்ன முடியும் என்பதைப் படம் நமக்கு ஒவ்வொன்றாக நிரூபித்துக் காட்டிக்கொண்டே வருகிறது. அதனால்தான் பின்னால் பதினொரு வயதுப் பெண்கள் இருவர் கண்டம் தாண்டி ஆள்மாறாட்டம் செய்யும்போது நாம் நம்புகிறோம். கூரைமேல் கட்டிலை ஏற்றத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய காரியமா? நேராக ஆள்மாறாட்டத்தில் கதை தொடங்கியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

அப்புறம் தண்டனை. இருவரையும் மற்றவர்களிடமிருந்து பிரித்து மலைமேல் தனியாக இருக்கும் ஒரு குடிலில் சேர்த்து அடைக்கிறார் நிர்வாகி. சாப்பாட்டுக்கூடத்திலும் அவர்களுக்குத் தனி மேசை. முதலில் பேச்சே கிடையாது, விளக்கை அணைப்பதில்கூடச் சண்டை. ஒரு நாள் மழையும் காற்றுமாக இருக்கிறது. சன்னல் வழியே காற்று புகுந்து ஹாலி சுவரில் ஒட்டிவைத்திருந்த படங்களையெல்லாம் பறக்கவிடுகிறது. அவள் சன்னலோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து ஆனி எழுந்துவந்து கைகொடுக்கிறாள். சிதறியவற்றைப் பொறுக்கித் தருகிறாள். அவ்வளவுதான் சமாதானம். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. பேச்சு வீட்டுப் பக்கம் திரும்புகிறது, பிஸ்கட்டை வேர்க்கடலை வெண்ணெயில் தொட்டுச் சாப்பிடும் பழக்கம் இருவருக்கும் இருப்பது தெரிகிறது, பிறந்த நாள் ஒன்றாக இருக்கிறது. கடைசியில் ஆளுக்கொரு பாதிப் புகைப்படத்தை எடுத்து வைக்கிறார்கள். ஒருத்தியிடம் அப்பா இருக்கும் பாதி, இன்னொருத்தியிடம் அம்மா இருக்கும் பாதி. நடுவில் கிழிந்த ஓரம் பொருந்துகிறது.

லிண்ட்சே லோஹன் இந்தக் காட்சியில் செய்திருப்பதை நடிப்புப் பள்ளிகளில் காட்டலாம். ஒருத்திக்கு அழுகை முந்துகிறது, இன்னொருத்திக்கு வார்த்தை முந்துகிறது. இரண்டும் ஒரே பிள்ளை நடித்தது என்பதைப் பார்க்கிற நேரத்தில் நான் மறந்தே போகிறேன்.

இந்தக் கதையின் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. எரிஷ் கெஸ்ட்னர் 1949இல் எழுதிய சிறுவர் நாவல் 'தஸ் டொப்பெல்ட்டே லோட்ஷென்'. கெஸ்ட்னரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்ட பிறகு இந்த நாவல் மேல் எனக்கு மரியாதை கூடியது. 1933 மே மாதம் பெர்லினில் நாஜிகள் புத்தகங்களைக் குவித்து எரித்தபோது அதில் அவருடைய புத்தகங்களும் இருந்தன. அவரே கூட்டத்தில் நின்று அதைப் பார்த்தார். எழுதத் தடை விதித்தார்கள். போர் நடந்துகொண்டிருந்த 1942இலேயே இந்த இரட்டையர் கதையைத் திரைப்படத்துக்கான வரைவாக அவர் எழுதிவைத்திருந்தார். போர் முடிந்த பிறகுதான் அது நாவலாக வந்தது. அடுத்த ஆண்டே ஜெர்மனியில் படமும் வந்துவிட்டது. திரைக்கதை அவருடையது, கதை சொல்லும் குரலும் அவருடையது. உண்மையான இரட்டைச் சகோதரிகள் இருவர் அதில் நடித்தார்கள்.

நாவலில் வரும் இடம் ஏரிக்கரையில் இருக்கும் ஒரு விடுமுறை இல்லம். வியன்னாவிலிருந்து லூயிஸ வருகிறாள், மியூனிக்கிலிருந்து லோட்டெ வருகிறாள். தன் முகத்தோடு ஒருத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்ததில் லூயிஸவுக்குக் கோபம். சாப்பாட்டு மேசைக்குக் கீழே காலால் உதைக்கிறாள். அன்று இரவு இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். லோட்டெ சத்தமில்லாமல் அழுதுகொண்டிருக்கும்போது இருட்டில் ஒரு சின்னக் கை வந்து அவள் தலையைத் தடவுகிறது. உதைத்தவளின் கைதான். டிஸ்னி இந்தக் கதையை 1961இல் ஒருமுறை, 1998இல் ஒருமுறை என்று இரண்டு தடவை எடுத்தது. அந்த அமெரிக்கப் படங்களில் இந்த இடத்துக்கு வர அத்தனை போரும் தண்டனையும் தேவைப்பட்டன. கெஸ்ட்னருக்கு ஒரு பகலும் ஓர் இரவும் போதுமாக இருந்தது. இரண்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கெஸ்ட்னர் பக்கம்தான் சாய்வேன்.

அமெரிக்காவுக்குப் போனதில் கதை இழந்த ஒன்றும் உண்டு. நாவலில் லோட்டெயின் அம்மா வேலைக்குப் போய்த் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர். வீட்டில் பணம் கொஞ்சம். கடைக்குப் போவது, சமைப்பது எல்லாம் ஒன்பது வயது லோட்டெயின் பொறுப்பு. ஆள் மாறிப் போகும் லூயிஸ அடுப்படியில் திண்டாடுகிறாள். வியன்னாவுக்குப் போகும் லோட்டெயோ அந்த வீட்டுக் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பார்த்து, வேலைக்கார அம்மா கணக்கில் செய்யும் தில்லுமுல்லைக் கண்டுபிடித்துவிடுகிறாள். எத்தனை அழகான யோசனை! ஒரு பிள்ளை எந்த வீட்டில் வளர்ந்தது என்பது அதன் கைவேலையில் தெரிகிறது. 1998 படத்தில் ஒரு பக்கம் பெரிய திராட்சைத் தோட்டம், இன்னொரு பக்கம் சமையலுக்கும் காருக்கும் ஆள் வைத்த லண்டன் வீடு. உச்சரிப்பு மாறுகிறது, முடி நீளம் மாறுகிறது, வசதி மாறவில்லை. ஒரு பிள்ளைக்கு இருக்கும் சுமை இன்னொன்றுக்கு இல்லை என்பதைப் படம் கண்டுகொள்ளவே இல்லை. நான் இந்தப் படத்தின் மேல் வைக்கும் முதல் குறை இது.

இரண்டாவது குறையை எடுத்துக் கொடுத்தது என் அக்கா பெண். அவளும் அவள் தம்பியும் என்னோடு உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தார்கள். புகைப்படக் காட்சி முடிந்ததும் பையன் சிரித்துக்கொண்டே பிஸ்கட் கேட்டான். அவள் மட்டும் முகம் சுருங்கி உட்கார்ந்திருந்தாள். "சித்தி, அவங்க சண்டை போட்டுக்கிட்டாங்க, சரி. இவளுக்கு அக்கா இருக்கான்னு ஏன் சொல்லலை?" என்றாள். என்ன பதில் சொல்வது? அவர்கள் செய்தது தப்பு என்று சொன்னேன். படம் அதைத் தப்பு என்று வாய்விட்டு எங்கேயும் சொல்லவில்லை. அப்பா அழகானவர், அம்மா அழகானவர், இருவரும் கப்பலில் காதலித்தவர்கள், ஏதோ கோபத்தில் பிரிந்துவிட்டார்கள் என்று மெதுவாகக் கடந்துபோகிறது. ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளையைப் பதினோரு வருடம் மறைத்தது கோபத்தில் செய்கிற காரியமில்லை.

பிரிந்ததற்கு யார் காரணம் என்ற கேள்விக்கு ஒவ்வொரு வடிவமும் ஒவ்வொரு பதிலை வைத்திருக்கிறது. தமிழில் இந்தக் கதை 1965இலேயே வந்துவிட்டது. 1961இல் வந்த முதல் டிஸ்னி படத்தைத் தழுவி ஜாவர் சீதாராமன் எழுத, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் ஏவி.எம். எடுத்த 'குழந்தையும் தெய்வமும்'. ஜெய்சங்கரும் ஜமுனாவும் பெற்றோர், குட்டி பத்மினி இரட்டை வேடத்தில். அது தெலுங்கில் 'லேத மனசுலு' என்றும், இந்தியில் நீத்து சிங் சிறுமியாக நடித்த 'தோ கலியான்' என்றும் போனது. தமிழ்ப் படத்தில் கணவன் மனைவியைப் பிரிப்பது ஜி. வரலட்சுமி நடித்த செருக்குப் பிடித்த மாமியார். பழி முழுக்க அவர் தலையில். ஹாலிவுட்டில் பிரிந்ததற்குக் காரணம் தேடுவதில்லை, மீண்டும் சேரத் தடையாக இருக்கும் புதுக் காதலிதான் வில்லி. கெஸ்ட்னர் மட்டும்தான் சுற்றி வளைக்காமல் அந்த இருவரையே கைகாட்டுகிறார். இளவயதில் கல்யாணம், இசையமைக்கத் தனிமை தேவைப்பட்ட கணவன், வீட்டில் தனியாகக் குழந்தைகளோடு விடப்பட்ட மனைவி. அதில் வில்லன் யாருமில்லை. படிக்கிற பிள்ளைக்கு அது புரியாது என்று அவர் நினைக்கவில்லை.

ஆனால் 'கோழி ஒரு கூட்டிலே' பாட்டை இங்கே சொல்லாமல் போகமுடியாது. எம்.எஸ். ராஜேஸ்வரியின் குரலில் அந்தக் குழந்தை பாடும்போது, கோழி ஒரு பக்கம், சேவல் ஒரு பக்கம், நடுவில் குஞ்சு என்று மொத்தக் கதையும் வந்துவிடுகிறது. டிஸ்னியின் இரண்டு படங்களிலும் பிள்ளையின் தவிப்பை இத்தனை நேராகச் சொல்லும் இடம் இல்லை.

ஒரே பிள்ளையை இரண்டாகக் காட்டும் வித்தையைப் பற்றியும் கொஞ்சம். 1961 படத்தில் ஹெய்லி மில்ஸ் இரண்டு வேடம். திரையை நடுவில் பிரித்து இரண்டு முறை படம்பிடிப்பது ஒரு வழி. சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி வீசும் திரைக்கு முன்னால் நடிக்கவைத்து, ஆளை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து வேறு காட்சியில் ஒட்டுவது இன்னொரு வழி. முதுகு மட்டும் தெரியும் இடங்களில் மாற்று நடிகை. 1998இல் ஒளிப்பதிவு டீன் கண்டி. 'பேக் டு தி ஃபியூச்சர்' படங்களிலும் 'ஜுராசிக் பார்க்'கிலும் வேலை செய்தவர். கணினி கட்டுப்படுத்தும் கேமரா எத்தனை முறை வேண்டுமானாலும் இம்மி பிசகாமல் அதே பாதையில் நகரும். லோஹன் முதலில் ஹாலியாக நடிப்பார், அப்புறம் முடியையும் உடையையும் மாற்றிக்கொண்டு அதே இடத்தில் ஆனியாக நடிப்பார். எதிரே இருக்கும் பாத்திரத்துக்கு எரின் மாக்கி என்ற சிறுமி நின்று கொடுப்பாள். இத்தனை இயந்திரத்துக்கு நடுவில் மழை பெய்யும் குடிலில் அந்தப் பிள்ளை எப்படி அழுதது என்பதை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. சொல்ல மறந்துவிட்டேன், மெய்ன் என்று காட்டும் அந்த முகாம் உண்மையில் கலிபோர்னியாவின் மலைப்பகுதியில், கிரெஸ்ட்லைன் என்ற ஊர்ப்பக்கம் இருக்கிறது.

முகாமை விட்டு வந்த பிறகு படம் இரண்டு ஊர்களுக்கும் விடுதிக்கும் போய்விடுகிறது. அந்தப் பகுதிகளில் சிரிப்பு நிறைய உண்டு, லிசா ஆன் வால்டர் நடித்த செஸ்ஸி, ஹாலியின் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண், உண்மையைக் கண்டுகொள்ளும் இடத்தில் கண்ணீரும் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது கடைசிக்குச் சற்று முன்னால் வரும் மலையேற்றம். அப்பா கட்டிக்கொள்ளப்போகும் மெரிடித்தைப் பிள்ளைகள் காட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள். மெரிடித்தின் முதுகுப்பையில் கற்களைப் போடுகிறார்கள், ஓணானை ஏற்றிவிடுகிறார்கள். இரவில் அவள் தூங்கும் காற்றுமெத்தையை அப்படியே இழுத்துக்கொண்டு போய் ஏரியில் மிதக்கவிடுகிறார்கள். கவனித்தால் தெரியும், இது முகாமில் ஒருவருக்கொருவர் செய்துகொண்டதேதான். அங்கே கட்டில் கூரைக்குப் போனது, இங்கே மெத்தை தண்ணீருக்குப் போகிறது. முகாமில் எதிரெதிராக நின்று பழகிய வித்தையை இப்போது ஒரே பக்கம் நின்று பெரியவர்கள் மேல் காட்டுகிறார்கள். காடு அவர்களுடைய இடம். அங்கே வந்துவிட்டால் பெரியவர்களின் பணமும் திட்டமும் செல்லாது. 1961 படத்திலும் இதே ஏற்பாடு உண்டு. அதில் காதலியின் காலில் தேனைத் தடவிவிட, கரடிக்குட்டிகள் வந்து நக்கும். அந்தக் காதலியாக நடித்த ஜோனா பார்ன்ஸ் முப்பத்தேழு ஆண்டு கழித்து 1998 படத்தில் மெரிடித்தின் அம்மாவாக வருகிறார் என்பது தெரிந்தவர்களுக்கு அந்தக் காட்சியில் தனிச் சிரிப்பு.

முடிவைப் பற்றி எனக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. அப்பாவும் அம்மாவும் சேர்ந்துவிடுகிறார்கள். கெஸ்ட்னரிலும் சேர்கிறார்கள், தமிழிலும் சேர்கிறார்கள். பெற்றோர் பிரிந்த வீட்டுப் பிள்ளை இதைப் பார்த்துவிட்டு, நாமும் சரியாகத் திட்டம் போட்டால் சேர்த்துவிடலாம் என்று நம்பிவிடாதா? கெஸ்ட்னர் இதைப் பற்றி யோசித்திருக்கிறார். நாவலின் நடுவே கதையை நிறுத்திவிட்டு, சிறுவர் புத்தகத்தில் விவாகரத்தைப் பற்றி எழுதலாமா என்று கேட்கும் பெரியவர்களுக்குப் பதில் சொல்கிறார். ஷெர்லி டெம்பிள் என்ற குழந்தை நட்சத்திரம் தான் நடித்த படத்தையே பார்க்கத் திரையரங்குக்குள் விடப்படவில்லை, வயது போதாது என்று சொல்லிவிட்டார்கள் என்கிறார். அப்புறம் அவர் சொல்வதன் சாரம் இது: பெற்றோர் பிரிந்ததால் துன்பப்படும் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், பெற்றோர் பிரியாமலே இருப்பதால் துன்பப்படும் பிள்ளைகளும் எத்தனையோ பேர். அனுபவிக்கிறவர்களிடம் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் தப்பு. 1949இல் இதை எழுதியிருக்கிறார் மனிதர்! சேர்ந்து முடிகிற கதையில், சேராமல் இருப்பதே நல்லது என்ற வீடுகளும் உண்டு என்று ஒரு வரி வைத்திருக்கிறார். டிஸ்னி படங்கள் இரண்டிலும் நான் தேடித்தேடிப் பார்த்தும் கிடைக்காத வரி அது.

இருந்தாலும் டிஸ்னியே ஒருமுறை தன் கனவைக் கலைத்துப் பார்த்தது. 1961 படத்துக்கு 1986இல் தொலைக்காட்சிக்காக எடுத்த இரண்டாம் பாகத்தில் ஹெய்லி மில்ஸ் மீண்டும் வருகிறார். முதல் படத்தில் பெற்றோரைச் சேர்த்துவைத்த இரட்டையரில் ஒருத்தியான ஷாரன் வளர்ந்து, கல்யாணமாகி, இப்போது அவளே விவாகரத்தானவள். கையில் ஒரு பெண். அந்தப் பெண் கோடைகால வகுப்பில் ஒரு தோழியைப் பிடித்து, தன் அம்மாவுக்கும் தோழியின் அப்பாவுக்கும் முடிச்சுப்போடத் திட்டம் போடுகிறாள். படமாக அது சுமார்தான். ஆனால் அந்த ஒரு விவரத்துக்காக எனக்கு அதன் மேல் பிரியம் உண்டு. பிள்ளைகள் ஒட்டவைத்த வீட்டில் வளர்ந்தவளுக்கும் பிரிவு வரலாம் என்று ஒத்துக்கொள்கிறது. அப்போதும் பிள்ளைகள் சந்தித்துத் திட்டம் போட வீட்டுக்கு வெளியே ஓர் இடம், ஒரு கோடை தேவைப்படுகிறது.

அக்கா பெண்ணிடம் முடிவு பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "அவங்க ரெண்டு பேரும் சேரலைன்னாலும் பரவால்ல சித்தி, இவங்க ரெண்டு பேரையும் வருஷா வருஷம் அந்த கேம்புக்கு அனுப்பிடணும்" என்றாள். நான் இத்தனை பத்தியில் சுற்றிச் சுற்றிச் சொன்னதும் அதுதான். அந்தப் படத்தில் எனக்கு வேண்டிய சேர்க்கை மழை பெய்த குடிலிலேயே நடந்து முடிந்துவிட்டது. பெரியவர்கள் சேர்வது அதற்கு மேல் வந்த லாபம்.

பிள்ளைகளோடு பார்க்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுதிக் காட்சிகள் விறுவிறுப்பாக இருக்கின்றன என்று முகாம் பகுதியை ஓட்டிவிடாதீர்கள். அக்கா பையனுக்கு அந்தப் பகுதியைத் திரும்பப் போட்டுக் காட்டினேன். ஒரு குடிலின் அத்தனை கட்டிலையும் ஏணிகூட இல்லாமல், யார் கண்ணிலும் படாமல், எப்படிக் கூரைக்கு ஏற்றினார்கள் என்று கேட்டான். படம் அதைக் காட்டுவதில்லை. கயிறு கட்டி இழுத்திருப்பார்கள் என்றேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. காகிதமும் பென்சிலும் எடுத்துவந்து, எத்தனை பேர் வேண்டும், யார் மேலே நிற்க வேண்டும் என்று படம் வரைய ஆரம்பித்துவிட்டான்.